காஸ்ட்லி டூல்ஸ் நெஜமாவே ரொம்ப நாள் வருதா? என் டூல் பாக்ஸ வெச்சு ஒரு ரிவ்யூ

ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பெட்டி நிறைய சாமான் ஆன்லைன்ல கிடைக்கும்போது ஒரே ஒரு பிளேயருக்கு ரெண்டாயிரத்துக்கு மேல குடுக்கறவனுக்கு கொழுப்பு தானேன்னு எங்க மச்சான் கேட்டாரு. கேள்வி நியாயமானது தான். நான் மெக்கானிக் கிடையாது, ஆனா வீட்ல இருக்கற ஆர்எக்ஸ் 100, ஸ்ப்ளெண்டர், தண்ணி மோட்டார், பைப்பு, ஃபேனு எது கெட்டாலும் மொதல்ல நானே கழட்டி பாத்துட்டு தான் ஆளக் கூப்பிடுவேன், அதனால பாக்ஸ்ல பிளாட்பாரத்துல வாங்கினது, நம்ம நாட்டு தப்பாரியா, ஜெர்மன், ஜப்பான்னு எல்லாம் கலந்து கிடக்கு. அதுங்கள வருஷக்கணக்கா போட்டு அடிச்சதுல தெரிஞ்சத தான் எழுதுறேன். சுருக்கமா கேட்டீங்கன்னா, மட்டமான டூல் நாம நெனைக்கற மாதிரி சீக்கிரம் சாகாது, அது நம்ம வண்டி போல்ட்ட சாகடிச்சிட்டு அது பாட்டுக்கு நல்லா இருக்கும். காசு குடுக்கறோம்னா அந்த போல்ட்டுக்காகத் தான் குடுக்கறோம்.

ஸ்க்ரூ டிரைவர்ல ஆரம்பிக்கறேன், வித்தியாசம் பளிச்சுன்னு தெரியுறது இதுல தான். ஆர்எக்ஸ் வெச்சிருக்கறவங்களுக்கு தெரியும், இன்ஜின் சைடு கவர்ல இருக்கற ஸ்டார் ஸ்க்ரூ எல்லாம் அலுமினியத்தோட ஒட்டிப்போய் உக்காந்திருக்கும், 1985ல இருந்து 1996 வரைக்கும் தான் அந்த வண்டி இங்க வந்துச்சு, அப்ப அந்த ஸ்க்ரூவுக்கு என்ன வயசுன்னு பாத்துக்கோங்க. அதுல போய் அம்பது ரூபா டிரைவர வெச்சு அழுத்தி திருப்பினா மொதல்ல டிரைவர் முனை லேசா உருளும், உருண்ட முனை ஸ்க்ரூ தலையில இருக்கற கூட்டல் குறிய வட்டமாக்கிடும், அதுக்கப்புறம் ட்ரில் போட்டு தான் எடுக்கணும், இல்லன்னா வெல்டிங்காரர்கிட்ட போய் தலை மேல ஒரு நட்ட வெச்சு பத்த வெச்சு கழட்டணும். டிரைவர் என்னமோ அடுத்த வேலைக்கு ரெடியா தான் இருக்கும்.

ஆனா இதுல விலைய விட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, இத கடைக்காரங்க பாதி பேர் சொல்ல மாட்டாங்க. நாம எல்லாத்தையும் ஸ்டார்னு ஒரே பேர்ல சொல்லிடுறோம், அதுல ஃபிலிப்ஸ் வேற, ஜேஐஎஸ்னு சொல்ற ஜப்பான் ஸ்டாண்டர்டு வேற. ஃபிலிப்ஸ் அமெரிக்கா ஐட்டம், 1936 காடிலாக் கார்ல தான் மொதல்ல பெரிய அளவுல வந்துச்சு. ஜப்பான் வண்டிலயும் ஜப்பான் டிசைன்ல இங்க செஞ்ச வண்டிலயும் இருக்கறது பெரும்பாலும் ஜேஐஎஸ். பாக்க ஒண்ணு போலவே இருக்கும், ஆனா குழியோட வடிவம் கொஞ்சம் வேற, ஃபிலிப்ஸ் முனை ஜேஐஎஸ் குழிக்குள்ள அடி வரைக்கும் போய் உக்காராது, பாதியிலயே நின்னுக்கும், பலமா திருப்பினா வழுக்கி மேல ஏறிடும். ஸ்க்ரூ தலையில சின்னதா ஒரு புள்ளி குத்தியிருந்தா அது ஜேஐஎஸ்னு எடுத்துக்கலாம். அதனால நல்ல ஜெர்மன் ஃபிலிப்ஸ் டிரைவரே கையில இருந்தாலும் ஆர்எக்ஸ் கார்புரேட்டர் கிண்ணத்துல அது தடுமாறும், ஜப்பான்ல வெசல்னு ஒரு கம்பெனி, அதோட டிரைவர் சட்டுனு உக்காந்து கழட்டிடும். வெசல்ல மெகாடோரா இம்பாக்டான்னு ஒண்ணு வருது, பின்னாடி சுத்தியால ஒரு தட்டு தட்டினா முனை தானா கொஞ்சம் திரும்பும், ஒட்டிப்போன சின்ன ஸ்க்ரூவுக்கு அவ்ளோ தான் வேணும். விலை சாதா டிரைவர விட பல மடங்கு, ஆனா என் பாக்ஸ்ல விலைக்கு மேல வேலை செஞ்ச சாமான்னு கேட்டா மொதல்ல அத தான் காட்டுவேன். கழட்டினதும் அந்த ஸ்க்ரூங்கள தூக்கிப் போட்டுட்டு தலையில ஆறு மூலை குழி இருக்கற ஆலன் போல்ட்டா மாத்திடுங்க, ஆர்எக்ஸ்காரங்க பாதி பேர் அப்படி தான் செய்யறாங்க.

சரி, ஒரே சைஸ் ஒரே வடிவம், ஒண்ணு அம்பது ரூபா ஒண்ணு அறுநூறு ரூபா, உள்ள என்ன தான் இருக்கு? இரும்பு மட்டும் விஷயம் இல்லைங்க. எல்லாத்துலயும் குரோம் வெனேடியம்னு, அதாவது குரோமியமும் வெனேடியமும் கலந்த எஃகுன்னு பொறிச்சிருப்பாங்க, பிளாட்பாரத்துல கிடைக்கறதுலயும் தான் பொறிச்சிருக்கு, பொறிக்க என்ன செலவாகுது. விஷயம் பதத்துல இருக்கு. சூடாக்கி, எண்ணெயில குளிர வெச்சு, மறுபடி அளவா சூடு காட்டி பதம் கொண்டு வரணும், பதம் ஏறலன்னா வளையும், அதிகமா ஏறினா பட்டுனு ஒடையும். ஸ்பேனருக்கு, ஹார்ட்னஸ் அளக்கற ராக்வெல் கணக்குல நாப்பது சொச்சம் இருந்தா போதும், அது ஒடையாம இழுவிசை தாங்கணும், ஆனா கட்டிங் பிளேயரோட வெட்டுற வாய் மட்டும் அறுபத ஒட்டி இருக்கணும். அதே பிளேயர்ல கைப்பிடி பக்கம் அவ்ளோ ஹார்டா இருக்கக் கூடாது. ஒரே இரும்புத் துண்டுல ரெண்டு பதம் கொண்டு வர்றதுக்கு தான் காசு. இத ஃபேக்டரி தான் செய்யணும்னு இல்ல, எங்க ஊர்ப்பக்கம் கொல்லர் பட்டறையில லாரி பட்டைய வெட்டி அடிச்சு குடுக்கற அரிவாள பாருங்க, சிவகங்கை பக்கம் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு இருக்கற பேரு எல்லாருக்கும் தெரியும், ஸ்டிக்கர் கிடையாது வாரண்டி கிடையாது, ஓரம் மட்டும் பதம் ஏத்தி முதுகு பக்கம் மெதுவா விட்டிருப்பாரு, தலைமுறை தாண்டி தேங்கா வெட்டும். தச்சு ஆசாரிங்க தேஞ்சு போன அரத்த குடுத்து உளி அடிச்சு வாங்குவாங்க, கடையில பளபளன்னு விக்கிற உளிய விட அது கூர் நிக்கும். ஆக விலைக்கும் உழைப்புக்கும் நேரடி கணக்கு கிடையாது, பதம் போட்ட கைக்கும் உழைப்புக்கும் தான் கணக்கு.

ஸ்பேனருக்கு வர்றேன். இங்க நான் வெளிப்படையா சொல்லிடுறேன், தப்பாரியா டபுள் எண்ட் செட்டும் ரிங் செட்டும் வாங்கிட்டீங்கன்னா வீட்டு வேலைக்கும் டூவீலர் வேலைக்கும் அதுக்கு மேல காசு போடத் தேவையே இல்ல. 1969ல ஸ்வீடன் கம்பெனியோட தொழில்நுட்பத்துல டூல் செய்ய ஆரம்பிச்ச கம்பெனி, நாசிக் சரக்கு, எந்த மெக்கானிக் ஷெட்டுக்குள்ள போனாலும் தரையில கிடக்கறது பெரும்பாலும் இது தான். பத்து பதினொண்ணு, பன்னெண்டு பதிமூணு, பதினாலு பதினஞ்சு இந்த மூணும் தான் எண்பது சதவீத வேலைய பாக்கும், மத்ததெல்லாம் துணைக்கு. பேர் இல்லாத ஸ்பேனர்ல என்ன ஆகும்னா, வாய் கொஞ்சம் கொஞ்சமா அகண்டுடும், கண்ணால பாத்தா தெரியாது, ஆனா போல்ட்ல மாட்டினா லேசா ஆடும், அந்த ஆட்டம் தான் போல்ட்டோட மூலைய தின்னும். ஸ்பேனர் ஒடையவே இல்லியே நல்ல சரக்கு தான்னு நாம சொல்லிட்டிருப்போம், வண்டில இருக்கற பத்து எம்எம் போல்ட் எல்லாம் உருண்டையாயிருக்கும்.

அப்ப ஜெர்மன் ஸ்பேனர் எதுக்கு? ஸ்டால்வில்லே, ஹாசெட் மாதிரி சரக்கெல்லாம் கையில எடுத்தாலே ஒண்ணு தெரியும், ரிங் சுவர் மெலிசா இருக்கும். மெலிசா இருந்தும் விரியாம இருக்கணும்னா நல்ல இரும்பு நல்ல பதம் வேணும். மட்டமானதுல பலம் வேணும்னு குண்டா பண்ணிடுவாங்க, குண்டா இருந்தா பக்கத்துல இன்னொரு பைப்போ ஃபின்னோ இருக்கற எடத்துல உள்ள போகாது. கார்ல வேலை செய்யறவங்களுக்கு இது பெரிய விஷயம், இன்ஜின் பே உள்ள விரல் போற எடத்துல ஸ்பேனர் போகலன்னா பாதி நாள் போச்சு. நம்ம ஸ்ப்ளெண்டர்ல எல்லாம் வெளியவே இருக்கு, அதுக்கு எதுக்கு அவ்ளோ செலவு.

இப்ப அந்த ஃபேமஸ் 46 பீஸ் சாக்கெட் செட். எல்லார் வீட்லயும் இருக்கும், சின்ன பிளாஸ்டிக் பெட்டி, திறந்தா குட்டி குட்டியா சாக்கெட், பிட்டு, கழட்டாமலே முன்ன பின்ன ஆட்டி திருகற கைப்பிடி ஒண்ணு, அது தான் ராட்செட். இத திட்டுறவங்க நிறைய பேரு, நான் முழுசா திட்ட மாட்டேன். சாக்கெட் மட்டும் பாத்தா விலைக்கு பரவால்ல, ஆறு மூலை சாக்கெட்டா தான் பெரும்பாலும் இருக்கும், அது போல்ட்டோட தட்டையான பக்கத்த புடிக்கும், பன்னெண்டு மூலை மாதிரி முனையில மட்டும் தொங்காது. சின்ன போல்ட்டுக்கு தாராளமா போதும். அதோட பிட்டுங்க தான் வெண்ணெய், ரெண்டு டைட்டான ஸ்க்ரூ பாத்தா முடிஞ்சுது. ராட்செட்டும் சீக்கிரம் போகும், உள்ள இருக்கற பல்லு வழுக்க ஆரம்பிச்சா டக்குனு விட்டுடும், அந்த நேரம் நம்ம முட்டி எங்க போய் இடிக்கும்னு சொல்ல முடியாது. ஆனா இதுல பாதி பாவம் நம்ம மேல, அது கால் இன்ச் டிரைவ், அதாவது சாக்கெட் மாட்டுற சதுர முனை அவ்ளோ தான், அத வெச்சு பின் சக்கர ஆக்சில் நட்ட கழட்ட போறதும், வரலன்னு பைப்ப மாட்டி ஏறி நிக்கறதும் எந்த ஊர் நியாயம்? அதுக்கு அரை இன்ச் டிரைவ் எடுக்கணும், இல்ல நல்ல நீளமான ரிங் ஸ்பேனர். ராட்செட்ல மட்டும் விலை கூட்டி வாங்கறதுல அர்த்தம் இருக்கு, ஏன்னா இந்த செட்டுல அது ஒண்ணு தான் உள்ள மிஷின் இருக்கற டூல். 24 பல்லு ராட்செட்ல ஒரு தடவ பல்லு மாற கைப்பிடிய 15 டிகிரி திருப்பணும், 72 பல்லுன்னா 5 டிகிரி போதும், நெருக்கமான எடத்துல இந்த வித்தியாசம் தெய்வம் மாதிரி. ஆனா ஒண்ணு, மட்டமான கம்பெனில 72 பல்லு வாங்காதீங்க, பல்லு சின்னதாக ஆக இரும்பு நல்லா இருக்கணும், இல்லன்னா 24 பல்லே கெட்டி.

கட்டிங் பிளேயர். மச்சான் கேட்ட கேள்வியே இதப்பத்தி தான், என்கிட்ட இருக்கறது நிப்பெக்ஸ், ஜெர்மனில வுப்பர்டால்னு ஒரு ஊரு, 1882ல இருந்து அங்க பிளேயர் செய்யறாங்க. நல்ல சாமானா? அருமையான சாமான். ரெண்டு தாடையும் ஆட்டமே இல்லாம மூடும், வெளிச்சத்துல தூக்கி பாத்தா வெட்டுற எடத்துல இடுக்கு தெரியாது, பிளேயர் தரத்த கடையிலயே பாக்க இது தான் வழி, மூடி லைட்டுக்கு நேரா புடிங்க. ஆனா வீட்டு வயரிங்குக்கு அது தேவையான்னா தேவையில்ல. செம்புக் கம்பி மெத்துனு இருக்கும், ஒண்ணரை ரெண்டரை ஸ்கொயர் எம்எம் வயர வெட்ட நம்ம ஊரு எட்டு இன்ச் பிளேயரே பத்து வருஷம் தாராளமா வரும். வாய் மழுங்கறது எப்ப தெரியுமா, ஆணிய வெட்டும்போது, கிளட்ச் கேபிள வெட்டும்போது. கேபிள்ல இருக்கற மெல்லிசு கம்பிங்க எஃகு, சாதா பிளேயர்ல நசுங்கி பிரியும், வெட்டாது, பிளேயர் வாயிலயும் தழும்பு விழும். இன்னொரு தழும்பு இருக்கு, வயசான எலக்ட்ரீஷியன் எல்லார் பிளேயர்லயும் வாய் நடுவுல ஒரு ஓட்டை இருக்கும் பாருங்க, கரண்ட் ஓடும்போது ஃபேஸையும் நியூட்ரலையும் சேத்து வெட்டினதோட ஞாபகார்த்தம். அதுக்கு நிப்பெக்ஸா இருந்தா என்ன வேற எதுவா இருந்தா என்ன, உருகத் தான் செய்யும்.

அதே கம்பெனியோட கோப்ரா வாட்டர் பம்ப் பிளேயர் கத வேற, அது பைப்புல மாட்டி அழுத்தினா தன்னால இறுகிக்கும், கை நழுவினாலும் விடாது, பிவிசி யூனியன்ல இருந்து பழைய ஜிஐ பைப்பு வரைக்கும் ஒத்தக் கையில முடியும். பிளம்பிங் வேலை வாரத்துக்கு ஒண்ணாவது வர்ற வீடுன்னா வாங்குங்க. நம்ம ஸ்க்ரூ ஸ்பேனர்ல மட்டமானத மட்டும் வீட்டுக்குள்ள சேக்காதீங்க, நகர்ற தாடை ஆடிக்கிட்டே இருக்கும், குளியலறை குழாயோட குரோம் நட்ட எல்லாம் மூளி ஆக்கிடும்.

சுத்தியல், கடப்பாரை, சம்மட்டி இதுக்கெல்லாம் விலை பாக்கவே வேணாம். சுத்தியல் தலைய விட பிடி தான் மொதல்ல போகும், மரப்பிடி மாத்தி ஆப்பு அடிச்சா திரும்ப புதுசு. அரமும் ஆக்ஸா பிளேடும் தேயறதுக்குன்னே பொறந்தது, அத நீண்ட நாள் வரலன்னு குறை சொல்றது சோப்பு கரையுதுன்னு அழற மாதிரி. பிளேடு மட்டும் ரெண்டு வகை எஃகு சேத்த பை மெட்டல் வாங்குங்க, லேசுல ஒடையாது. ஆக்ஸா ஃபிரேமுல ஒரு சூட்சுமம் இருக்கு, தகடு மெலிசான ஃபிரேம் பிளேட இழுத்து புடிக்காது, வெட்டு கோணலா போகும், நாம பிளேட திட்டுவோம்.

லைஃப்டைம் வாரண்டி, லைஃப்டைம் வாரண்டின்னு யூடியூப்ல வெள்ளக்காரங்க பேசுறத பாத்துட்டு ஸ்னாப் ஆன் வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு. அமெரிக்காவுல அந்த கம்பெனி வேன் வாரா வாரம் ஷெட்டு ஷெட்டா வரும், ஒடைஞ்சத குடுத்தா மாத்தி குடுப்பான், புதுச தவணையில எடுத்துக்கலாம், அந்த வேனுக்கும் சேத்து தான் அந்த விலை. நம்ம ஷெட்டு வாசல்ல எந்த வேன் வருது? அங்கயே சியர்ஸ் கடையில கிராஃப்ட்ஸ்மேன்னு ஒரு சரக்கு, எத்தன வருஷம் கழிச்சு ஒடைஞ்சத கொண்டு போனாலும் புதுசு குடுத்தாங்க, அப்புறம் 2017ல அந்த பேரையே ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கருக்கு வித்துட்டாங்க, சியர்ஸ் கடைங்களும் அடுத்தடுத்து மூடிடுச்சு. பேப்பர்ல இருக்கற ஆயுள் டூலோட ஆயுளா, கம்பெனியோட ஆயுளான்னு யோசிச்சு காசு போடுங்க. நம்ம ஊர்ல டூல் ஒடைஞ்சு போறத விட தொலைஞ்சு போறது தான் அதிகம், அதுவும் பத்து எம்எம் ஸ்பேனர், "அஞ்சு நிமிஷத்துல தரேண்ணா"ன்னு வாங்கிட்டு போற பக்கத்து வீட்டுப் பையன் எஞ்சினியரிங் முடிச்சு பெங்களூர் போயிடுவான் ஸ்பேனர் வராது. அதுக்கு லைஃப்டைம் வாரண்டி கிடையாது.

எங்க வாங்கறதுன்னா, சென்னைல பிராட்வே லிங்கி செட்டி தெரு பக்கம் போனா கையில எடுத்து பாத்து வாங்கலாம். பெட்டியோட எழுத்த நல்லா படிங்க, தெரிஞ்ச கம்பெனி பேர்ல ஒரு எழுத்த மட்டும் மாத்தி அதே கலர்ல அதே பெட்டியில விக்கிற சரக்கு நிறைய சுத்துது. ஸ்பேனர்ல ஐஎஸ் 2028, ரிங்ல ஐஎஸ் 2029னு இந்திய ஸ்டாண்டர்டு நம்பர் போட்டிருக்கான்னு பாருங்க. முலாம் பளபளப்ப பாத்து ஏமாறாதீங்க, மட்டமான முலாம் தான் உரிஞ்சு உள்ளங்கைய கிழிக்கும். புதுப்பேட்டைல சில சமயம் பழைய ஜெர்மன் ஸ்பேனர் எடைக்கு கிடைக்கும், கறுத்து போய் துருப்புடிச்சு இருக்கும், வாய ஒரு புது போல்ட்ல மாட்டி ஆட்டம் இல்லன்னா கண்ண மூடிக்கிட்டு எடுத்துடுங்க, மண்ணெண்ணெயில ஒரு ராத்திரி ஊற போட்டா போதும். என் பாக்ஸ்ல இருக்கற ஜெர்மன் ஸ்பேனர் அப்படி வந்தது தான், புதுசுக்கு குடுக்கற காசெல்லாம் என்கிட்ட இல்ல.

கடைசியா, விலை பேசாம வாங்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு போல்ட்ட அளவு பாத்து இறுக்கற டார்க் ரெஞ்ச், இன்ஜின் ஹெட்டு திறக்கறவங்களுக்கு மட்டும், மத்தவங்களுக்கு வேணாம். ஐஎஸ்ஓ 6789 சர்டிஃபிகேட்டோட வாங்குங்க, அளவு வந்ததும் கிளிக்குனு சொல்ற டைப்னா பெரும்பாலும் நாலு சதவீதத்துக்குள்ள தான் தப்பு இருக்கலாம்னு அதுல கணக்கு இருக்கு, வேலை முடிஞ்சதும் அதுல இருக்கறதுலயே சின்ன அளவுக்கு எறக்கி வெக்கணும், ஸ்ப்ரிங் இறுகின நெலையில அலமாரில கிடந்தா எவ்ளோ காஸ்ட்லியா இருந்தாலும் அளவு மாறிடும். இன்னொண்ணு கரண்ட் வேலைக்கு பிளேயரும் டிரைவரும். பிளேயர் கைப்பிடில சிவப்பு பிளாஸ்டிக் உறை இருக்கறதாலயே அது ஷாக் தாங்கும்னு அர்த்தம் இல்ல, பாதி உறை கைக்கு பிடிமானத்துக்கு மட்டும் தான். ஐஇசி 60900னு போட்டு, ரெட்டை முக்கோணமும் 1000 வோல்ட்டும் அச்சடிச்சிருந்தா அது ஒவ்வொரு பீஸும் பத்தாயிரம் வோல்ட்ல டெஸ்ட் பண்ணி வந்தது. அது இல்லாத பிளேயர் ஐநூறு ரூபாயா இருந்தாலும் அஞ்சாயிரமா இருந்தாலும் மெயின ஆஃப் பண்ணிட்டு, டெஸ்டர் வெச்சு பாத்துட்டு, அப்புறம் வயர்ல கை வைங்க.